குப்பை அடித்த வாரம்

அய்யா,

தம்பி போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். உங்கள் காரியமெல்லாம் முடிந்த பிறகு பரணை ஒதுக்கினானாம். ஒரு சாக்குப் பையை நாற்காலியில் வைத்துவிட்டு, "இது உன்னுதுன்னு அம்மா சொல்லுதாக்கா. என்ன செய்யன்னு தெரியல, அதான் கொண்டாந்தேன்" என்றான். காபி குடித்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனான்.

பையை அவிழ்க்கும் முன்பே வேப்பிலைச் சருகின் வாசம் வந்தது. உள்ளே நீலக்கோடு போட்ட துணியில் தைத்த சின்ன மெத்தை. இரண்டு முழ நீளம் இருக்கும். எலி கடிக்கவில்லை, செல் அரிக்கவில்லை. பதினாறு வருஷமாக யாரோ அதை வருஷத்துக்கு ஒரு தடவை வெயிலில் போட்டு, புது வேப்பிலை வைத்துக் கட்டி, மேலே ஏற்றியிருக்கிறார்கள். அம்மாவுக்கு ஏணியில் ஏற முடியாமல் பத்து வருஷம் ஆகிறது. தம்பிக்கு அப்படி ஒன்று பரணில் கிடப்பதே தெரியாது. அப்படியானால் யார் என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய?

என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் மெத்தையை மடியில் போட்டு விரலால் அழுத்திப் பார்த்தேன். பஞ்சு இன்னும் கட்டி தட்டவில்லை. இடதுபக்க மூலையில் மட்டும் ஏதோ ஒன்று நெருடியது. ஒரு பருத்தி விதை. "சல்லடை போட்டுச் சலிச்சாலும் ஒரு விதை அகப்படாது" என்று என்னிடம் சொன்னீர்கள். இதையும் சொன்னீர்கள்.

அந்தப் புரட்டாசி நினைவிருக்கிறதா? வளைகாப்பு முடிந்து, இரண்டு கையும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் குலுங்க நான் நம் வீட்டு வாசலில் வந்து இறங்கினேன். எனக்கு இருபத்தாறு வயது. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. வரைக்கும் படித்து, இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, அப்புறம் கல்யாணம் ஆகி, அதற்கப்புறம் இரண்டு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. ஊரில் எனக்குப் பின்னால் பிறந்தவர்கள் மூன்று பெற்றிருந்தார்கள். "படிச்ச பிள்ளைக்கு எல்லாம் லேட்டாத்தான் வரும், சர்க்கார் தபால் மாதிரி" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மை சொல்லிச் சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள்.

அந்த மாதம் முழுக்க மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தொழுவத்து நிழலில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வீர்கள். முன்னால் சித்திரையில் எடுத்து வைத்த கருங்கண்ணிப் பருத்தி. ஒவ்வொரு சுளையாகப் பிரித்து, விரலாலேயே விதையை நிமிண்டி எடுத்து, பஞ்சை ஒரு பக்கமும் விதையை ஒரு பக்கமும் போடுவீர்கள். ஏர் பிடித்துக் காய்த்த விரல்கள். அதில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வராது. எச்சில் தொட்டுத் தொட்டுப் பிரிப்பீர்கள். வழியில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

"என்ன அண்ணாச்சி, மில்லுல குடுத்தா அஞ்சு நிமிசத்துல அரைச்சித் தருவான். நீங்க மெனக்கெட்டு உக்காந்து கிள்ளிக்கிட்டு இருக்கிய."

"மில்லுப் பஞ்சு சூடுடா. பச்சப்பிள்ளை முதுகுக்கு ஆகாது."

"அப்பம் எங்களுக்கெல்லாம் எந்த மில்லுல அரைச்சாவ? சாக்குலதான கெடந்தோம்."

"அதான் ஒன் புத்தி இப்படி இருக்கு."

மெத்தைக்குத் துணி எடுக்க நீங்களே கோவில்பட்டிக்குப் போய் வந்தீர்கள். ஜவுளிக்கடை பாய், "அண்ணாச்சி இந்த வயசுல மெத்தை கேக்குதோ" என்று கேட்டதையும், "எனக்கில்ல பாய், எம் பேத்திக்கு" என்று நீங்கள் சொன்னதையும், "பேத்தின்னு அதுக்குள்ள தெரிஞ்சிபோச்சா, வானத்தப் பாத்துச் சொல்லுத மாதிரி வயித்தப் பாத்தும் சொல்லுவியளா" என்று அவர் மடக்கியதையும் வந்து அம்மாவிடம் நடித்துக் காட்டினீர்கள். எங்கள் இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அம்மா உங்கள் பழைய வேட்டிகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, துவைத்துத் துவைத்து மெதுவாக்கிக்கொண்டிருந்தாள். நல்ல துணி எல்லாம் பிறந்த பிறகுதான், முன்னால் வாங்கக் கூடாது என்பது அவள் கட்சி. மெத்தைக்கு மட்டும் அவள் வாய் திறக்கவில்லை. நீங்கள் செய்வது என்பதால்.

வானம் பார்த்துச் சொல்லும் பேச்சு வந்ததால் அதையும் எழுதிவிடுகிறேன். பசுவந்தனை வரைக்கும் உங்களுக்கு அந்தப் பேர் உண்டு. காற்று எந்தப் பக்கமிருந்து திரும்புகிறது, தட்டான் எவ்வளவு தாழப் பறக்கிறது, ராத்திரி மாடு எப்படிப் படுக்கிறது எல்லாம் பார்த்து, இன்ன கிழமை மழை என்று சொல்வீர்கள். பெரும்பாலும் தப்பாது. கரிசல்காட்டில் அந்தப் பேர் சின்னப் பேர் இல்லை. மழைக்கு இரண்டு நாள் முந்தினவனுக்கும் பிந்தினவனுக்கும் ஒரு வருஷச் சாப்பாடு வித்தியாசம்.

என் வயிற்றில் பிள்ளை தலைமாறிக் கிடந்தது. வளைகாப்புக்கு முந்தின வாரம் கோவில்பட்டியில் லேடி டாக்டர் பார்த்துவிட்டு என்னையும் என் வீட்டுக்காரரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "தலை மேலே இருக்கு, கால் கீழே இருக்கு. முதல் பிரசவம். வலி வந்த பிறகு கிராமத்துல இருந்து கிளம்பி வரலாம்னு நினைக்காதீங்க. தேதிக்குப் பத்து நாள் முந்தியே டவுனுக்கு வந்துடணும்." அதை அப்படியே உங்களிடம் என் வீட்டுக்காரர் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்கு வந்த பெண் பிள்ளையைக் கையில் ஏந்தித்தான் ஊர் எல்லையைத் தாண்ட வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். அத்தைமார் எல்லாருக்கும் அப்படித்தான். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். ஆனால் நீங்கள், "டாக்டரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும். மூணு வாரம் எங்கூட இருக்கட்டும் மாப்பிள்ளை. ஐப்பசி பொறந்ததும் நானே வண்டி கட்டிக் கொண்டாந்து விடுதேன்" என்றீர்கள். அவருக்குக்கூட ஆச்சரியம். தன் மாமனார் மாதிரி மனுஷர் உண்டா என்று ஊர் திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனதாகப் பிறகு எழுதியிருந்தார்.

என்னைக் கோவில்பட்டியில் அவரிடம் கொண்டுவிட நாம் குறித்திருந்தது ஒரு புதன்கிழமை. அன்று காலையில் எழுந்து நான் பெட்டியைக் கட்டிவிட்டேன். வாசலுக்கு வந்து பார்த்தால் வண்டியில் கூண்டு இல்லை. கூண்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, பக்கப்படல் கட்டி, எருக்குழிக் குப்பை ஏற்றிக்கொண்டிருந்தீர்கள்.

"என்னய்யா, இன்னைக்குப் போகலியா?"

"குழி நெறைஞ்சி கெடக்கு தாயி. ரெண்டு நாளு. வெள்ளிக்கெழம போவோம்."

"மழை கிழை வந்துட்டா?"

நிமிர்ந்து கிழக்கே பார்த்தீர்கள். "இன்னும் பத்து நாளைக்கு ஒரு சொட்டு கெடையாது. நான் சொல்லுதேன்லா?"

அவ்வளவுதான். அந்த 'நான் சொல்லுதேன்லா'வுக்கு மேலே எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

விடியக் கருக்கலில் போன வண்டி பொழுது சாய்ந்தும் ஓடிக்கொண்டிருந்தது. தொழுவத்துக்குப் பின்னால் இருந்த எருக்குழி குறையக் குறைய, கிழக்குப் புஞ்சையில் குப்பை கும்பி கும்பியாகக் கூடியது. வியாழக்கிழமை தெருவில் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணாச்சி வண்டி குப்பைக்குப் போயிட்டு. நாமளும் கொல்லம்பட்டறைக்குப் போயி கொழு தட்ட வேண்டியதுதான்." ஏர்க்கொழுவை ஏன் இப்போது தீட்டப் போகிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை. அந்த இரண்டு நாளில் ஊரிலிருந்த எல்லா வண்டியும் வேலைக்குக் கிளம்பிவிட்டது. ஒருவரிடமும் இரவல் கேட்க வண்டி இல்லை.

அந்த வியாழக்கிழமை தபால்காரர் என் வீட்டுக்காரருடைய கடிதத்தைக் கொண்டுவந்தார். புதன் வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும், இங்கே வானம் ஒரு மாதிரி இருக்கிறது, ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தார். தபால்காரரை நிறுத்திவைத்து, அங்கேயே ஒரு கார்டு எழுதிக் கொடுத்தேன். "அய்யா மழை பத்து நாளைக்கு இல்லை என்கிறார். அய்யா சொன்னால் தப்பாது. கவலைப்பட வேண்டாம்." என் கையெழுத்து. அந்தக் கார்டு அவருடைய டிரங்குப் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் இன்னும் இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன். பார்த்தது அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் எவ்வளவோ வாக்குவாதம் எங்களுக்குள் வந்திருக்கிறது. ஒரு தடவைகூட அதை எடுத்து என் முன்னால் போட்டதில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை கேட்டேன். "இன்னும் கொஞ்சம்தான் தாயி. திங்கக்கெழம விடியக்காலம் கூண்டு போட்டுருதேன்" என்றீர்கள். அன்று சாயங்காலம் மெத்தையைத் தைத்து முடித்து என் பக்கத்தில் கொண்டுவந்து போட்டீர்கள். கை முழுக்க எரு வாசம். அந்தக் கையால் தொடக்கூடாது என்று மெத்தையைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தீர்கள். "படுத்துப் பாக்கட்டா?" என்று கேட்டேன். "ஒன் சைசுக்கு இன்னும் நாலு மூடை பருத்தி வேணும்" என்றீர்கள். நான் அதில் தலையை மட்டும் வைத்துப் பார்த்தேன். அந்த நேரம் நான் உங்கள்மேல் வைத்திருந்த பிரியத்தை இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் ஆத்திரம் வருகிறது.

ஐந்து மைல் நடந்தால் பஸ் ரோடு. நடக்க முடியாத உடம்பு இல்லை எனக்கு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு, நின்று நின்று நடந்திருந்தாலும் அரைநாளில் போயிருக்கலாம். பி.ஏ. படித்தவள், டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவள். அய்யா மனசு கோணும் என்று உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. நீங்கள் கடைசி வண்டிக் குப்பையைக் கொட்டிவிட்டு நனைந்துகொண்டே வந்தீர்கள். தெருவெல்லாம் சந்தோஷம். ஆண்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வீடு கத்திப் பேசினார்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. மாடுகளைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கொட்டியது. திங்கட்கிழமை விடியற்காலம் எனக்கு வலி எடுத்தது. நீங்கள் சொன்ன அதே திங்கட்கிழமை.

கூண்டு போட்டீர்கள். வைக்கோல் பரப்பி, அதன்மேல் என்னைப் படுக்கவைத்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊர்க் கிணறு தாண்டும் வரைக்கும் வண்டி போனது. அதன்பிறகு கரிசல். மற்ற மண் மாதிரி ஈரமானால் வழுக்குவதோடு விடுகிற மண்ணா அது? சக்கரத்தில் அப்பி, ஆரக்கால் இடைவெளியெல்லாம் அடைத்து, சக்கரம் உரல் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பேர் மண்வெட்டியால் சுரண்டிக்கொண்டே வந்தார்கள். பத்தடி நகரும், திரும்பவும் அடைக்கும். ஒரு மைல் தாண்டவில்லை, இடப்பக்கத்துக் காளை முன்னங்கால் இரண்டையும் மடித்துச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நீங்கள் அதை அடிக்கவில்லை. அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எந்திரிடா என் ராசா" என்று கெஞ்சினீர்கள். உங்கள் குரல் அப்படி ஆகி நான் கேட்டதில்லை.

பிறகு வீட்டிலிருந்து கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவரச் செய்து, என்னை அதில் போட்டு, ஆறு பேர் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். மேலே ஒரு படுதா. தூக்கினவர்களுக்கு முழங்கால் வரைக்கும் சேறு. ஒருவர் கால் புதைந்தால் கட்டில் அந்தப் பக்கம் சாயும், நான் அம்மா கையைப் பிடித்துக்கொள்வேன். பாதி வழியில் பனிக்குடம் உடைந்தது. பிள்ளையின் கால் வெளியே வந்ததை அம்மாதான் பார்த்தாள். என்னிடம் சொல்லவில்லை. உங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அதை நான் பார்த்தேன்.

ரோட்டுக்கு வந்தால் ஓடையில் வெள்ளம், பஸ் இல்லை. பருத்தி மில்லுக்குப் போகிற லாரி ஒன்று மத்தியானத்துக்கு மேல் அகப்பட்டது. நாங்கள் கோவில்பட்டி சேரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. டாக்டர் யாரையும் திட்டவில்லை. "என்னால முடிஞ்சது இந்த அம்மாவக் காப்பாத்தினதுதான்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். பெண் பிள்ளை. நீங்கள் சொன்னது அதில் மட்டும் தப்பவில்லை. இனிமேல் எனக்குப் பிள்ளை தங்காது என்பதை மூன்று நாள் கழித்துச் சொன்னார்கள்.

அம்மா கிழித்துவைத்திருந்த உங்கள் பழைய வேட்டித் துண்டில்தான் அவளைச் சுற்றினார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் நீங்கள் வாங்கிக்கொண்டு போனீர்கள். அந்த ஐந்து மைல் சேற்றையும் நீங்களே ஏந்தி நடந்தீர்களாம். வேறு யாரையும் தொடவிடவில்லையாம். கிழக்குப் புஞ்சைக் கரையில் வன்னிமரத்துக்குப் பக்கத்தில் நீங்களே தோண்டினீர்களாம். இருக்கட்டும்.

நீங்கள் வருவீர்கள் என்று நான் ஆஸ்பத்திரியில் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். புதன் போயிற்று, வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை அம்மாவிடம் கேட்டேன். அம்மா தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்: "அவிய விதைக்கப் போயிருக்காவ."

மழை விட்டு மூன்றாம் நாள் மண் பதம். அந்தப் பதத்தில் விதைக்க வேண்டும், நாலைந்து நாளில் முடிக்க வேண்டும், அதற்கு மேல் கரிசல் இறுகி வெடிக்கத் தொடங்கிவிடும். அது எனக்கும் தெரியும். விவசாயி வீட்டுப் பிள்ளைதானே நான். ஆனால் என் மகளைப் புதைத்த அதே புஞ்சையில், மூன்றாம் நாள், நீங்கள் ஏர் கட்டினீர்கள். நம் குடும்பம், நம்மை நம்பிப் பிழைத்த நாலு குடும்பம், எல்லோருக்கும் அது ஒரு வருஷக் கஞ்சி என்பதை என் மூளை ஒத்துக்கொள்கிறது. மற்றதெல்லாம் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும்.

ஒன்பதாம் நாள் வந்தீர்கள். நகக்கண்ணில் கறுப்பு மண். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு கம்பியைப் பிடித்தீர்கள். ஒரே ஒரு வார்த்தை சொன்னீர்கள்.

"ஈரம் போயிரும் தாயி. அதான்."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அந்த வருஷம் கிழக்குப் புஞ்சையில் கண்ட பருத்தியை அதற்கு முன்னும் பின்னும் ஊர் கண்டதில்லை என்று சொன்னார்கள்.

அதன் பிறகு நீங்கள் யாருக்கும் மழை சொல்வதில்லை என்று அம்மா எழுதுவாள். கேட்டு வருகிறவர்களிடம், "எனக்கு என்ன தெரியும்? மேல இருக்கவன்ட்ட கேளு" என்பீர்களாம். அம்மா அதை உங்களுக்காக வாதாடுவதுபோல எழுதுவாள். நீங்களாகவே உங்களுக்குக் கொடுத்துக்கொண்ட தண்டனை அது. எவ்வளவு என்பதையும் நீங்களே முடிவு செய்துகொண்டீர்கள். நான் கோவில்பட்டியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தேன். ஏழு வருஷம் ஊருக்கு வரவில்லை.

தம்பி கல்யாணத்துக்குத்தான் வந்தேன். அது ஆவணி. ஊரிலிருந்த மற்றப் புஞ்சையிலெல்லாம் ஆடியிலேயே குப்பை அடித்திருந்தது. நம் எருக்குழி மட்டும் நிறைந்து கிடந்தது. பேச்சுவாக்கில் தம்பியிடம் கேட்டேன், "என்னலே, நம்ம குப்பை இன்னும் அப்படியே கெடக்கு?"

அவன் சிரித்தான். "அய்யா வழி தனிக்கா. ஆடியில கொட்டி வெயில்ல காயவிட்டா சாரமெல்லாம் போயிரும்பாவ. மழை கிட்ட வந்துட்டுன்னு அவியளுக்கு நிச்சயமாத் தெரியணும், அப்பந்தான் வண்டிய எடுப்பாவ. வாயால சொல்லுதத இப்பம் நிப்பாட்டிட்டாவ. இந்த வண்டி குப்பைக்குப் போறத வச்சித்தான ஊரே மழை பாக்குது. ஒனக்குத் தெரியாதா?" பிறகு அவனே, "நீ எங்க, ஹாஸ்டல்ல கெடந்த" என்றான்.

மணமேடைக்கு முன்னால் விரித்திருந்த ஜமுக்காளத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன். மயக்கம் என்று சோடா உடைத்துக் கொடுத்தார்கள். நீங்கள் பந்தலின் அந்தப் பக்கத்தில் நின்று சம்பந்திமாரை வரவேற்றுக்கொண்டிருந்தீர்கள்.

அதுவரைக்கும் நான் உங்கள் கணிப்பு தப்பியது என்றே நினைத்திருந்தேன். தப்பாத மனுஷருக்கு ஒரு தடவை தப்பியது, அது என் தலையில் விழுந்தது என்று. தப்பவில்லை, அய்யா. புதன்கிழமை நீங்கள் கூண்டைக் கழற்றினபோதே உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் அந்த வண்டியில் குப்பை ஏறியிருக்காது. என் முகத்தைப் பார்த்துப் பத்து நாள் என்று சொன்னீர்கள். கொழு தட்டப் போனவர்களுக்குத் தெரிந்திருந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? அந்த ஊரில் அது தெரியாத ஒரே ஆள் நான். நான்தான் அதிகம் படித்தவள்.

கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் வருவேன். கேட்காமல் திரும்புவேன். அப்படி ஒன்பது வருஷம் போனது.

இந்த ஆவணியில் நீங்கள் படுத்துவிட்டீர்கள் என்று தம்பி சொல்லி அனுப்பினான். வந்து இரண்டு நாள் இருந்தேன். உடம்பு இவ்வளவாகச் சுருங்கிக் கிடந்தீர்கள். இரண்டாம் நாள் காலையில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அறையில் வேறு யாரும் இல்லை. கரண்டியைக் கையால் தடுத்தீர்கள்.

"தாயி. அந்த வாரம்…"

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"எறும்பு முட்டையத் தூக்கிட்டு மேட்டுக்கு ஏறுச்சி. பாத்தேன்." மூச்சு வாங்கியது. "செவ்வாக்கெழமதான் வரும்னு நெனைச்சேன். திங்கக்கெழம ஒன்னக் கொண்டுபோயி விட்ரலாம்னு…"

அவ்வளவு நாள் நான் காத்திருந்தது அதற்குத்தான். குப்பையும் முடிய வேண்டும், மகளும் போய்ச் சேர வேண்டும் என்று இரண்டையும் பிடிக்கப் பார்த்திருக்கிறீர்கள். மழை உங்கள் திங்கட்கிழமையை இரண்டே இரண்டு நாள் முந்திவிட்டது. உங்கள் கண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும் என்பது எனக்குப் புரிந்தது. திட்டியிருந்தால்கூடப் போதும்.

"கஞ்சி ஆறிப்போகும். குடிங்க அய்யா" என்றேன்.

குடித்தீர்கள். நான் அன்று மத்தியான பஸ்ஸில் கிளம்பினேன். ஆறாம் நாள் தந்தி வந்தது.

இப்போது ஐப்பசி. எங்கள் பள்ளிக்கூடத்து ஆயாவின் மகளைப் புதூருக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. தலைப்பிள்ளை, இதுதான் மாதம். விதைப்பு முடிந்ததும் அனுப்புகிறேன் என்று மாமியார்க்காரி சொல்லியிருந்தாள். நான் நேற்று லீவு போட்டுவிட்டு ஆயாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆயாவுக்கு என்னைக் கேலி செய்ய இடமுண்டு. "போன வருசம் பியூன் பொண்டாட்டிய இப்படித்தான் வெரட்டிக் கொண்டாந்திய. பிள்ளைக்குப் பேரு வச்சி, மொட்டை போட்டு, அதுக்கப்புறந்தான் டீச்சரம்மா சொன்ன மழை தூத்துச்சி" என்று பஸ்ஸில் எல்லோரும் கேட்கச் சொன்னாள். மாமியார்க்காரி, "மழையே எட்டிப் பாக்காத ஊருக்கு மழைக்குப் பயந்து வந்திருக்கியளோ" என்று கேட்டாள். அவர்கள் வீட்டுச் சுவரடியில் எறும்புச் சாரை ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்ததை நின்று பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணின் துணிமணியை நானே பையில் எடுத்து வைத்தேன்.

அவள் இப்போது ஆயா வீட்டில் கோரைப்பாயில் படுத்திருக்கிறாள். இந்த மெத்தை நினைவுக்கு வராமல் இல்லை. செத்துப் பிறந்த பிள்ளைக்குத் தைத்தது என்று சொன்னால் ஆயா கையால் தொடமாட்டாள். சொல்லாமல் கொடுக்க நான் நீங்கள் இல்லை. புது வேப்பிலை வைத்துக் கட்டி என் பெட்டியில் வைத்துவிட்டேன். அந்த ஒற்றை விதையை எடுக்கவில்லை.

நேற்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், வெறும் கறுப்பு. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"நெசமாவே மழை வருமா டீச்சர்?"

வானத்தைப் பார்த்தேன். உங்களைப் போலத்தான் பார்க்கிறேன் என்று அம்மா சொல்வாள்.

"வரும்" என்றேன்.

அதைச் சொல்வது எனக்குக் கஷ்டமில்லை, அய்யா. எனக்கு விதைக்க நிலம் இல்லை.